சம்பள நாளில் யார் உடன் நிற்பது?

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி தொடங்கி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் என்று ஒரு துண்டாக நீள்கிறது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. வெளியூர்க்காரர் இந்த எல்லையைப் பெட்ரோல் விலையிலும் மதுக்கடைப் பலகையிலும் தெரிந்துகொள்வார். இங்கே ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் அதை வேறு விதத்தில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளாகம் பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. பக்கத்துக் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், தொழிற்சாலைகள். சாலை நெடுகிலும் ரிசார்ட்டுகள். மேற்கே வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, தெற்கே பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம் என்று தொழிற்பேட்டைகள். எந்த ஒரு நிறுவனத்தையும் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் நாடு முழுக்க இத்தகைய இடங்களில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, தரை துடைப்பவர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவர், கேன்டீனில் தட்டுக் கழுவுபவர், சரக்கு ஏற்றி இறக்குபவர் எல்லாம் பெரும்பாலும் நேரடி ஊழியர்களாக இருப்பதில்லை. ‘மேன்பவர் ஏஜென்சி’ என்ற பெயரில் ஒரு காண்டிராக்டர் இருப்பார். அவருக்குக் கீழே, ஊரில் போய் ஆளைக் கூட்டிவரும் மேஸ்திரி இருப்பார். நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் பில்லைப் பாஸ் செய்துவிட்டு, தொழிலாளர் சட்டம் இனி அவர் பாடு என்று இருந்துவிடும்.

அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. ஆள் கொடுப்பவரிடம் வேலையை ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இந்தியச் சட்டம் எந்தக் காலத்திலும் விட்டதில்லை.

முதலில் எல்லைச் சங்கதி. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அது தமிழ்நாட்டுச் சட்டம். பொம்மையார்பாளையத்தில் செல்லும், எல்லைக்குப் புதுவைப் பக்கம் செல்லாது. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையும் இரண்டு அரசுக்கும் தனித்தனி. ஒரே ஏஜென்சி, ஒரே வேனில் ஆள் ஏற்றி, பாதிப்பேரைத் தமிழ்நாட்டு ரிசார்ட்டிலும் மீதிப்பேரைப் புதுவை வளாகத்திலும் இறக்கிவிட்டுப் போனால், அந்த இரண்டு கூட்டத்துக்கும் கூலி விகிதம் வேறு, அதிகாரி வேறு, விதி வேறு. ஏஜென்சியின் கணக்கெழுத்தர் எல்லோருக்கும் ஒரே விகிதத்தைப் போட்டால், எந்தப் பக்கம் கூலி குறைகிறதோ அந்தப் பக்கத்து நிறுவனம் மாட்டிக்கொள்ளும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒரு மாநிலத்தில் காண்டிராக்டரால் சேர்க்கப்பட்டு இன்னொரு மாநிலத்து நிறுவனத்தில் வேலைக்கு வைக்கப்படுபவரைப் புலம்பெயர் தொழிலாளி என்றது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருபவர்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். அதன் எழுத்தைப் பிடித்துப் பார்த்தால், பொம்மையார்பாளையத்தில் மேஸ்திரி சேர்த்து, காலையில் நடந்தே பிள்ளைச்சாவடிக்கு வேலைக்கு வரும் பெண்மணியும் அதற்குள் வந்தார். ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் சட்டம் பொருந்தியது. மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. நடந்து வருகிறவருக்கு யாரும் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள், கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஆய்வாளர் ஒருவர் ஒருநாள் கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் நிறுவனத்துக்காரர்.

இடையில் ஓர் ஆள் நின்று உழைப்பாளியைக் கைமாற்றிவிடும் தொழில் புதுவைக்குப் புதிதல்ல. 1848இல் பாரிசில் புரட்சி அரசு இரண்டு ஆணைகளை இரண்டு மாத இடைவெளியில் போட்டது. மார்ச் 2ஆம் தேதி ஆணை, தொழிலாளியின் உழைப்பை மொத்தமாகப் பேசி எடுத்து அவன் கூலியில் லாபம் பார்க்கும் இடைத்தரகுக்குத் தடை போட்டது. வேலை நேரத்தையும் குறைத்தது. ஏப்ரல் 27ஆம் தேதி ஆணை பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரெயூனியன் தீவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலையானார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். எங்கே கிடைப்பார்கள்? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல்கள் நின்றன. உள்ளூர்களில் மேஸ்திரிகள் முன்பணத்தோடு அலைந்தார்கள். 1853 மே 6ஆம் தேதி மார்த்தினிக் தீவில் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய ‘ஒரேலி’ என்ற கப்பலும் இந்தக் கரையிலிருந்து போனதுதான். பாரிசில் இடைத்தரகனை ஒழித்த அதே ஆண்டு, புதுவைக் கரையில் அவனுக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது.

1861 ஜூலையில் பிரிட்டனும் பிரான்சும் போட்ட உடன்படிக்கை இந்த ஆள் சேர்ப்பைப் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் விரித்தது. பதிலுக்கு, ஆள் ஏற்றும் துறைமுகங்களில் பிரிட்டிஷ் முகவர் ஒருவர் இருந்து, வருகிறவர்கள் விரும்பித்தான் வருகிறார்களா, ஒப்பந்தம் புரிந்ததா என்று பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. முகவர் இருந்தார், கொடுமையும் இருந்தது, 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் அரசே நிறுத்தியது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் அடிப்படையைக் கவனிக்க வேண்டும். தரகர் எழுதிக்கொடுக்கும் காகிதத்தை மட்டும் நம்பக் கூடாது, தரகரைச் சாராத ஒருவர் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது.

1970இல் இயற்றப்பட்டு 1971 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குபடுத்தல் மற்றும் ஒழித்தல்) சட்டத்தில் அதே யோசனையைப் பார்க்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ ஒப்பந்த ஆள் வைத்த நிறுவனம் பதிவு செய்ய வேண்டியிருந்தது, காண்டிராக்டர் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாதது 21ஆம் பிரிவு. காண்டிராக்டர் கூலி கொடுக்கும் நேரத்தில், முதன்மை முதலாளி, அதாவது வேலை வாங்கும் நிறுவனம், தன் பிரதிநிதி ஒருவரை அனுப்பி உடன் நிற்கச் செய்ய வேண்டியிருந்தது. அவர் தம் கண் முன்னால் இவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்று சம்பளப் பதிவேட்டின் அடியில் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. காண்டிராக்டர் கொடுக்கவில்லை என்றாலோ குறைத்துக் கொடுத்தாலோ, முதலாளி தானே கொடுத்துவிட்டுக் காண்டிராக்டரிடம் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

‘முதலில் நீ கொடு, பிறகு அவரிடம் வாங்கிக்கொள்’ என்பது அந்த ஒரு சட்டத்தின் பாஷை மட்டுமல்ல. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40ஆம் பிரிவும் காண்டிராக்டர் ஆளுக்கான சந்தாவை முதலில் முதன்மை முதலாளியின் தலையில்தான் வைத்தது; 41ஆம் பிரிவு அதைத் திரும்ப வசூலிக்க விட்டது. 1952ஆம் ஆண்டின் பி.எஃப். திட்டத்தில் 30ஆம் பத்தி அதே மாதிரி. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் அதே மாதிரி. ஒப்பந்தப் பத்திரத்தில் வக்கீல் எழுதித் தரும் ‘எல்லாச் சட்டப் பொறுப்பும் காண்டிராக்டரையே சாரும்’ என்ற வரிக்கு, ‘பிறகு அவரிடம் வாங்கிக்கொள்’ என்ற பின்பாதி அளவுக்கு மட்டுமே மதிப்பு. முன்பாதியை எந்தப் பத்திரத்தாலும் அடித்துவிட முடியாது. அதோடு, திரும்ப வாங்க வேண்டிய நாளில் அந்த ஏஜென்சி ஆபீஸ் பூட்டிக் கிடந்தால் பின்பாதியும் போயிற்று.

சரி, காண்டிராக்டர் ஏன் குறைத்துக் கொடுக்கிறார்? எல்லாரும் திருடர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் பல இடங்களில் குற்றம் டெண்டர் திறக்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போடலாம். எடுத்துக்காட்டுக்காக மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அந்த வேலைக்கு அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவோ அதை இதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பி.எஃப்.இல் முதலாளி பங்கு 12 சதவீதம், காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் அரை அரை, ஆக 13 சதவீதம்: 1,560. இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 390. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்: ஏறத்தாழ 1,000. கூட்டினால் 14,950. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, கிராஜுவிட்டி, யூனிஃபார்ம், லீவு போட்டவருக்கு மாற்றாள், ஏஜென்சியின் லாபம் எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. இந்த வேலைக்குத் தலைக்கு 14,000 என்று ஒருவர் விலைப்புள்ளி கொடுக்கிறார், அவர்தான் ‘எல்-1’, மிகக் குறைந்த விலை கேட்டவர், என்று கோப்பில் எழுதி ஆர்டர் தருகிறார்கள் என்று வைப்போம். 30 பேருக்கு மாதம் 28,500, ஆண்டுக்கு 3,42,000 ரூபாய் துண்டு விழுகிறது. லாபமே வேண்டாத மகான் எடுத்து நடத்தினாலும் விழும் துண்டு இது. அந்தப் பணம் யாரிடமிருந்து வரும் என்பது ஆர்டரில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குத் தெரியாமலா இருக்கும்?

அரசு அலுவலகங்களில் இது இன்னும் முற்றிப்போய், சேவைக் கட்டணம் ‘பூஜ்யம்’ என்று எழுதிக்கொடுத்து ஆர்டர் பிடிக்கும் வழக்கம் வந்தது. கட்டணம் எதுவுமில்லை என்று எழுதும் விலைப்புள்ளியை ஏற்கக் கூடாது என்று 2014 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை சொன்னது. பிறகு பூஜ்யத்துக்குப் பதில் பைசாக் கணக்கில் எழுத ஆரம்பித்தார்கள்.

துண்டு விழுந்த பணத்தைச் சரிக்கட்டும் வழிகள் தணிக்கைக்காரர்களுக்கு மனப்பாடம். வேலையிடத்தில் 30 பேர், பி.எஃப். பெயர்ப்பட்டியலில் 18 பேர். மாதம் 26 நாள் வேலை, பதிவேட்டில் 15 நாள். தினக்கூலி விகிதம் பார்வைக்குச் சட்டப்படி இருக்கும். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி மீதியைப் பெயர் பெயராகப் படி என்று பிரிப்பது. எல்லாருக்கும் ஒரே மாதிரி தரும் படிக்கும் பி.எஃப். பிடிக்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இது நிற்கவில்லை. முதலாளி பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிப்பது. மூன்று எட்டு மணி நேர ஷிஃப்டுக்குப் பதில் இரண்டு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் போட்டு, ஓவர்டைம் தராமல் ஓர் ஆளை மிச்சம் பிடிப்பது.

கடைசியாகச் சொன்னதைப் புதுவையில் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தும். 1936 ஜூலை 30ஆம் தேதி இங்கே பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறோம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அன்றைக்கும் பன்னிரண்டு மணி நேரம்தான் நிற்கிறார்.

காகிதத்தை எப்படிப் பார்ப்பது? பில்லோடு காண்டிராக்டர் பி.எஃப். சலான் ஒன்றை இணைத்திருப்பார். பணம் கட்டியது உண்மையாக இருக்கும். ஆனால் அந்தச் சலான் அவருடைய எல்லாச் சைட்டுகளுக்கும் சேர்த்த மொத்தத் தொகை. உங்கள் வளாகத்து ஆட்கள் அதில் இருக்கிறார்களா என்பது சலானில் தெரியாது, அதோடு வரும் பெயர்ப்பட்டியலில்தான் தெரியும். பட்டியலைக் கேட் ரிஜிஸ்டரோடு பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். கேட்டில் உள்ளே வந்த பெயர் பட்டியலில் இல்லையா, அங்கேயே பில்லை நிறுத்தலாம். வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலைக் கையில் எடுத்தால், 26 நாள் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மடிப்போ கறையோ இல்லாமல் இருக்கும். அது வேலையிடத்தில் கிடந்த புத்தகம் அல்ல, மாதக் கடைசியில் ஆபீஸில் உட்கார்ந்து எழுதியது. கழிவறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே மேஜைமேல் கிடந்த நிஜமான மஸ்டர் ரோல் அழுக்காகத்தான் இருக்கும்.

இவற்றையெல்லாம்விட நம்பகமான வழி ஒன்று உண்டு. துடைப்பத்தோடு நிற்கும் அம்மாவிடம், “உங்க போன்ல பி.எஃப். எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்தீங்களாம்மா?” என்று கேட்பது. உமங் செயலியில் மாத வாரியாகத் தெரியும். அவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது என்றால், அல்லது மூன்று காண்டிராக்டர் மாறியதில் மூன்று கணக்கு எண் இருக்கிறது என்றால், பீரோவில் அடுக்கிய கோப்புகளுக்கு அர்த்தமில்லை.

வங்கி வழியாகச் சம்பளம் போனால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீரவில்லை. முழுச் சம்பளமும் கணக்கில் ஏறும். மறுநாள் மேஸ்திரி வந்து தலைக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று திரும்ப வாங்கிக்கொள்வார். வெளிமாநிலத்து ஆளானால் ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் மேஸ்திரி சட்டைப் பையிலேயே இருக்கும். வங்கி அறிக்கையில் ஒரு குறையும் தெரியாது. கண் முன்னால் கொடுக்கப்பட்டது என்று 21ஆம் பிரிவு எழுதச் சொன்ன சான்று எதற்கு என்பது இங்கே விளங்கும்.

இந்த இடத்தில் நிர்வாகிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். “ஒவ்வொன்றையும் நாங்களே பார்த்தால், இவர்கள் உங்கள் நேரடி ஊழியர்கள்தான் என்று கோர்ட்டில் சொல்லிவிட மாட்டார்களா?” பயம் வெறும் பயமல்ல. 1978இல் உசைன்பாய் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு இன்றைக்கும் பேசப்படுவது. கேரளத்தில் கயிறு திரிக்கும் ஓர் ஆலையில் 29 பேருக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் காண்டிராக்டர் ஆட்கள் என்றார் முதலாளி. தொழிலாளர் உழைப்பு யாருடைய தொழிலுக்குப் போகிறதோ, அவர்கள் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் முதலாளி. நடுவில் காகிதத்தில் நிற்கும் காண்டிராக்டரைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி போய், ஒப்பந்த முறையைத் தடை செய்த வேலைகளில் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாவார்கள் என்றது. 2001 ஆகஸ்ட் 30ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் அமர்வு ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அதைப் புரட்டியது: தானாக நிரந்தரம் கிடையாது, ஆனால் ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தொழில் தீர்ப்பாயம் கண்டால், அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்களே. 2009இல் சென்னை விமான நிலையச் சரக்குத் தொழிலாளர் வழக்கு, கட்டுப்பாடு யாரிடம் என்ற கேள்வியைப் பகுத்துப் பார்த்தது. சம்பளம் கொடுப்பதும், ஆளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வதும் காண்டிராக்டர் கையில் இருந்தால், வேலையிடத்தில் நிறுவனம் சில உத்தரவுகளைக் கொடுப்பதால் மட்டும் அது முதலாளி ஆகிவிடாது.

இந்தத் தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிர்வாகியின் சங்கடத்துக்கு விடை அவற்றுக்குள்ளேயே கிடைக்கிறது. கூலியைக் கண்காணிப்பது ஒன்று, வேலையை ஏவுவது வேறொன்று. முதலாவதைச் செய்யச் சொல்லிச் சட்டமே கட்டளையிட்டது; அதைச் செய்ததற்காக யாரும் போர்வை என்று சொல்ல முடியாது. ஆபத்து இரண்டாவதில்தான். நடைமுறையில் நிறுவனங்கள் தலைகீழாகச் செய்கின்றன. சம்பள நாளில் ஒருவரையும் அனுப்புவதில்லை. ஆனால் நிறுவனத்து அதிகாரி வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்து, ‘செல்வி இன்று இரண்டாம் மாடி’, ‘குமாருக்கு நாளை லீவு கிடையாது’ என்று தினமும் எழுதுவார். ஆளைத் தேர்ந்தெடுப்பது, லீவு கொடுப்பது, மெமோ கொடுப்பது, கழற்றிவிடுவது எல்லாம் அவரே. அடையாள அட்டையில் நிறுவனத்தின் முத்திரை. மூன்றாண்டுக்கு ஒரு காண்டிராக்டர் மாறுவார். அதே செல்வி அதே மாடியில் பதினைந்து ஆண்டாக இருப்பார். தீர்ப்பாயத்தில் தொழிற்சங்கத்துக்கு வேறு சாட்சி வேண்டாம், அந்த வாட்ஸ்அப் குழுவே போதும்.

அரசு நிறுவனங்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று இருந்துவிட முடியாது. பொதுப்பணித் துறை ‘வவுச்சர் ஊழியர்’ என்ற சொல்லைப் புதுவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; தற்காலிகம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கும் பழக்கம் இங்கே அரசிடமும் உண்டு. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தற்காலிகம் என்று நீட்டிப்பதையும், அதை மறைக்க வெளியாள் ஏற்பாட்டைக் கேடயமாகப் பிடிப்பதையும் கடுமையாகக் கண்டித்தது.

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தபின் படம் ஓரளவு மாறியிருக்கிறது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. 20 என்ற வரம்பு 50 ஆயிற்று. சாலையோர ரிசார்ட்டுகளும் சின்னத் தொழிற்சாலைகளும் பல இதனால் உரிம வளையத்துக்கு வெளியே போகும். நிம்மதிப் பெருமூச்சு விடுமுன் கூலித் தொகுப்பின் 43ஆம் பிரிவைப் படிப்பது நல்லது. கூலி கொடுக்க வேண்டியவர் கொடுக்கத் தவறினால், வேலையிடத்துக்கு உரிமையாளரான நிறுவனம் கொடுக்க வேண்டும் என்கிறது. இதற்கு ஆள் எண்ணிக்கை வரம்பே இல்லை. பன்னிரண்டு பேர் வைத்திருந்தாலும் அதே கதைதான்.

பெரிய நிறுவனங்களுக்கு மாற்றம் இன்னும் கூர்மையானது. பழைய சட்டத்தில் காண்டிராக்டருக்கு உரிமம் இல்லாவிட்டால் அபராதம், சிறை என்று தண்டனைதான். அதனால் மட்டும் தொழிலாளி நேரடி ஊழியராகிவிட மாட்டார் என்று 1991இல் தீனநாத் வழக்கில் தீர்ப்பு. அபராதமும் ஆயிரம் ரூபாய்தான், யார் பயப்படப்போகிறார்கள்? புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 54ஆம் பிரிவு, உரிமம் எடுக்க வேண்டிய காண்டிராக்டர் அது இல்லாமல் ஆள் கொடுத்தால், அந்த ஆட்கள் முதன்மை முதலாளியால் வேலைக்கு வைக்கப்பட்டவர்களாகவே கருதப்படுவார்கள் என்கிறது. உரிமம் காலாவதியாகும் தேதியைக் காண்டிராக்டரைவிட நிறுவனம்தான் இனி அக்கறையாகக் குறித்துவைக்க வேண்டும். 57ஆம் பிரிவு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்த ஆள் கூடாது என்கிறது. துப்புரவு, காவல், கேன்டீன், சரக்கேற்றம், தோட்ட வேலை போன்றவை, நிறுவனமே அதற்காக அமைந்ததாக இல்லாதவரை, மையப் பணியாகா. திடீரென வேலை கூடும் காலத்துக்கும் விலக்கு உண்டு. 49ஆம் பிரிவு, வேலை கொடுத்ததற்காகக் காண்டிராக்டர் தொழிலாளியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்கிறது. சட்டைப் பையில் கார்டு வைத்திருக்கும் மேஸ்திரிக்கு நேரே எழுதிய வரி.

ஒன்று மட்டும் பின்னடைவு என்று எனக்குப் படுகிறது. கூலி கொடுக்கும்போது முதலாளியின் ஆள் உடன் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு புதிய தொகுப்பில் இல்லை. வங்கி மூலம் போட்டுவிட்டு, போட்ட தொகையைக் காண்டிராக்டர் நிறுவனத்துக்கு மின்னணு வழியில் தெரிவித்தால் போதும். பொறுப்பு அப்படியே இருக்கிறது, பார்க்கும் கண்ணை மட்டும் எடுத்துவிட்டார்கள். சட்டம் கேட்காவிட்டாலும், மாதம் ஒருமுறை காண்டிராக்டரும் சூப்பர்வைசரும் இல்லாத நேரத்தில், தங்கள் ஆள் ஒருவரை அனுப்பித் தொழிலாளரிடம் பேசவைப்பதை எந்த நிறுவனமும் தானே வைத்துக்கொள்ளலாம். பெண்கள் அதிகமுள்ள துப்புரவுப் பிரிவுக்குப் பெண்ணை அனுப்ப வேண்டும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் காண்டிராக்டர் வழி வந்தவரையும் நிறுவனத்தின் ஊழியர் என்றே சேர்க்கிறது. முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் சரி. புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் தாமும் போகலாம் என்று அந்தப் பெண்களில் எத்தனை பேரிடம் சொல்லப்பட்டிருக்கும்?

எந்த ஒப்பந்தத்தாலும் கைமாற்ற முடியாத வேலை ஒன்று இருக்கிறது. செப்டிக் டேங்க். நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. ‘லாரிக்காரன்தான் இறக்கினான், எங்களுக்குத் தெரியாது’ என்பதை ஒரு ரிசார்ட் முதலாளி அங்கே சொல்லிப் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் இதே சிக்கலை எப்படிக் கையாள்கிறார்கள்? பிரான்சில் அந்த 1848ஆம் ஆண்டுத் தடை இன்றைக்கும் தொழிலாளர் சட்டத்தொகுப்பில் குற்றமாகவே இருக்கிறது. அதோடு, 5,000 யூரோவுக்கோ அதற்கு மேலோ ஒப்பந்தம் கொடுக்கும் நிறுவனம், ஒப்பந்ததாரர் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டியிருக்கிறார் என்ற சான்றைக் கையெழுத்தின்போதும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வாங்கி, அசல்தானா என்று சரிபார்க்க வேண்டும். வாங்காவிட்டால் பாக்கிக்குத் தானும் பொறுப்பு. பிரிட்டனில் 2004 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு, மோர்க்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறிவந்த கடலில் மூழ்கினார்கள். அலை நேரம் தெரியாதவர்களை ஒரு மேஸ்திரி இறக்கிவிட்டிருந்தார். அதே ஆண்டு ஜூலையில், விவசாயத்துக்கும் மட்டி பொறுக்கும் தொழிலுக்கும் ஆள் கொடுக்கும் மேஸ்திரிகள் உரிமம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. உரிமம் இல்லாதவரிடம் ஆள் எடுப்பவரும் குற்றவாளி.

இங்கே, இப்போதுள்ள சட்டத்தை வைத்துக்கொண்டே ஒரு நிறுவனம் செய்யக்கூடியது டெண்டர் படிவத்தில் தொடங்குகிறது. கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு ஆகியவற்றை நிறுவனமே நிரப்பி, காண்டிராக்டர் தம் சேவைக் கட்டணத்தை மட்டும் எழுதும்படி விட்டால், போட்டி தொழிலாளி வயிற்றில் நடக்காது. அகவிலைப்படி திருத்தம் வந்தால் விகிதமும் தானே உயரும் என்று ஒரு வரி வேண்டும். அது இல்லாத இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஏழாம் மாதமே துண்டு விழத் தொடங்கிவிடும்.

பிறகு, காண்டிராக்டர் மாறும் மாதம். பெரும்பாலான நிறுவனங்கள் கோட்டை விடுவது அங்கேதான். மார்ச் 31ஆம் தேதி பழையவர் வெளியேறுகிறார். ஏப்ரல் முதல் தேதி புதியவர் அதே ஆட்களைத் தம் பெயரில் எழுதிக்கொள்கிறார். பழையவர் தர வேண்டிய கடைசி மாதச் சம்பளமும் விடுப்புப் பணமும் பாக்கி. போனஸ் கொடுக்கக் கணக்காண்டு முடிந்து எட்டு மாதம் அவகாசம் உண்டு. தீபாவளிக்குத் தொழிலாளர் கேட்கும்போது பழையவர் ‘நான் அங்கே இல்லையே’ என்பார், புதியவர் ‘போன வருஷம் நான் இல்லையே’ என்பார். இரண்டு பேரும் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதனால் பழையவரின் கடைசிப் பில்லையும் பிணைத் தொகையையும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே கணக்குத் தீர்ந்தது என்று அந்தந்தத் தொழிலாளியே சொல்லும்வரை, போனஸ் கைக்கு வரும்வரை, விடாமல் வைத்திருக்க ஒப்பந்தத்திலேயே இடம் வைக்க வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவின் அவசரத்தில் அந்தக் காசோலை கையெழுத்தாகிப் போய்விட்டால், நவம்பரில் கேட்டுக்கு முன்னால் உட்காரும் முப்பது பேருக்கும் நிறுவனம் தன் பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.